கல்வராயன் மலையும் வாரிசு உரிமையும்

இந்தியா குடியரசாகி 26 ஆண்டுகள் வரை தமிழ்நாட்டின் ஒரு மலை, பரம்பரை நில உரிமையாளர்களான ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது என்றால் இன்று பலரும் நம்பத் தயங்குவார்கள். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலைதான் அது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற பட்டப் பெயர்களோடு மூன்று குடும்பங்கள், தந்தைக்குப் பின் மகன் என்று அங்கே ஆதிக்கம் செலுத்திவந்தன. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் சமவெளி ஜமீன்களுக்கு முடிவு கட்டியது. 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தையும் நிறுத்தியது. கல்வராயன் மலைக்கோ 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் ஜாகீர் ஒழிந்தபோதுதான் விடிந்தது.

இந்த ஜாகீர்தார்களுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரித்தது. ஜாகீர், விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்துக் கொடை என்ற வரலாறு அப்போது மீண்டும் பேசப்பட்டது. விஜயநகரம் கொடுத்தது, பிரிட்டிஷ் அரசு விட்டுவைத்தது, சுதந்திர இந்திய அரசு முடித்துவைத்தது. அரசின் ஒரு முடிவால் பறிபோகும் உரிமை ரத்தத்தில் வந்ததாக இருக்க முடியாது. மேலே இருந்தவர்கள் ஒப்புக்கொண்ட வரைக்கும் வாரிசு வாரிசாக இருந்தார். கீழே உழுதுகொண்டிருந்த மலையாளிப் பழங்குடி மக்களிடம் மட்டும் ஒருநாளும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

‘ஜாகீர்தார்கள் வெளியாட்களா? மண்ணையும் மக்களையும் அறிந்தவர்கள்தானே? ஊர்க்கவுண்டரை வைத்து வழக்குத் தீர்த்த மக்களுக்கு, கீழேயிருந்து வந்த அதிகாரியைவிட அவர்களே நெருக்கம்’ என்று சிலர் வாதிடுவார்கள். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஜாகீர் போன பிறகும் பட்டாவுக்கு அலைந்தவர்கள், நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறங்கியவர்கள் அந்த மலையில் உண்டு. சாலை, மருத்துவமனை, பள்ளி எங்கே என்று 2024இலும் நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. அரசு தவறியது உண்மைதான். ஆனால் தவறிய அரசை நீதிமன்றத்தில் நிறுத்தலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். பிறப்பால் பட்டத்துக்கு வந்தவரை இறக்க மலைவாசிக்கு எந்த வழியும் இருக்கவில்லை. நெருக்கம் வேறு, பதில் சொல்லும் கடமை வேறு.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது: மக்களே ஓட்டுப் போட்டு வாரிசுகளைத் தேர்ந்தெடுக்கிறார்களே, அது தவறா? கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியையே பார்ப்போம். 2019இல் அங்கே வென்ற தி.மு.க.வின் கௌதம சிகாமணி, அந்தக் கட்சியின் முன்னாள் அமைச்சர் க. பொன்முடியின் மகன். அவரை எதிர்த்து நின்ற தே.மு.தி.க.வின் எல்.கே. சுதீஷ், அந்தக் கட்சியின் நிறுவனர் விஜயகாந்தின் மைத்துனர். களத்தின் இரண்டு முக்கிய வேட்பாளர்களும் அரசியல் குடும்பத்தினர். வென்றவர் லட்சக்கணக்கான ஓட்டுகள் வாங்கித்தான் வென்றார்; அந்த வெற்றியின் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. 2024இல் தி.மு.க. அந்தத் தொகுதியில் அவருக்குப் பதிலாக மலையரசனை நிறுத்தியது, அவரும் வென்றார். ஆக, நுழைவதும் விலகுவதும் கட்சித் தலைமையின் கையில் இருக்கிறது. அன்று பேரரசு பட்டம் கொடுத்த இடத்தில் இன்று தலைமை சீட்டு கொடுக்கிறது. வாக்காளருக்கு முன்னால் பெயர்கள் வந்து நிற்கும்போது பாதித் தேர்வு முடிந்துவிட்டிருக்கும்.

அரசியல்வாதியின் பிள்ளை தேர்தலில் நிற்கக் கூடாது என்று தடை போடுவது அநியாயம். அதுவும் பிறப்பைப் பார்த்து உரிமையை அளப்பதுதான். வேட்பாளரைத் தொகுதியின் கட்சி உறுப்பினர்கள் ரகசிய வாக்கால் தேர்ந்தெடுக்கட்டும். அதில் மகன் ஜெயித்தால் தாராளமாக நிற்கட்டும். எந்தக் கட்சி உங்கள் வாசலுக்கு வந்தாலும், இந்த வேட்பாளரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.