புதிய சிப், பழைய நிரல்: ஆர்குமெண்ட் எங்கே போகிறது? சந்தேகங்களும் விளக்கங்களும்

சென்னை ஐஐடியின் சக்தி, சி-டாக்கின் வேகா என்று உள்நாட்டு புராசஸர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. சிப் வந்தால் போதாது. நாம் சி மொழியில் எழுதுவதை அந்த சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தர ஒரு கம்பைலர் வேண்டும். அநேகமாக யாரும் கம்பைலரை அடியிலிருந்து எழுதுவதில்லை. ஜிசிசி, எல்எல்விஎம் போல ஏற்கெனவே உள்ள ஒன்றை எடுத்துப் புதிய சிப்புக்கு ‘போர்ட்’ செய்கிறார்கள். கூட்டல், கழித்தல் கட்டளைகள் எல்லாம் சீக்கிரம் படிந்துவிடும். ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனை அழைக்கும்போது ஆர்குமெண்ட்களை எப்படிக் கையாளுவது என்ற இடத்தில்தான் புதியவர்கள் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். இது குறித்து மாணவர்களுக்கும் நிரலாளர்களுக்கும் எழும் சந்தேகங்கள் சில.

ஒரு ஃபங்ஷன் மதிப்பைக் கொடுக்கிறது, இன்னொன்று வாங்கிக்கொள்கிறது. இதில் என்ன சிக்கல்?

ஆர்குமெண்ட் என்ற ஒன்று இருப்பதே சிப்புக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை ரெஜிஸ்டர்களும் நினைவகமும்தான். ‘அழை’ என்ற கட்டளை வேறொரு முகவரிக்குத் தாவும். திரும்பி வரவேண்டிய முகவரியைக் குறித்து வைக்கும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. மதிப்புகளை எங்கே வைத்துவிட்டுத் தாவுவது என்பது மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. வைத்தவர் ஒரு மாடத்தில் வைக்க, எடுக்க வந்தவர் அடுத்த மாடத்தில் தேடினால் என்ன ஆகும்? அங்கே முன்பு யாரோ விட்டுச் சென்றது கைக்கு வரும். சிப் எந்த எச்சரிக்கையும் தராது. நிரல் தவறான விடையோடு நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஏற்பாட்டைக் கம்பைலர் எழுதுகிறவரே முடிவு செய்துகொள்ளலாமா?

உலகத்திலேயே முதல்முறையாக வரும் சிப், அதற்கு வேறு மென்பொருளே இல்லை என்றால், யாராவது முடிவு செய்துதான் ஆகவேண்டும். மற்றபடி அந்தச் சுதந்திரம் கிடையாது. உங்கள் கம்பைலர் பெயர்த்த நிரல், வேறொருவர் வேறொரு கம்பைலரில் பெயர்த்த நூலகத்தை அழைக்கும். ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு பேசும். கையால் எழுதிய அசெம்பிளித் துண்டோடு இணையும். எல்லோருக்கும் பொதுவான அந்த ஒப்பந்தத்துக்கு ஏபிஐ என்று பெயர். சக்தி, வேகா இரண்டும் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்புக்கு இந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம்.

இந்தத் தலைவலி சி மொழி அளவுக்கே பழையது. பெல் லேப்ஸில் ஸ்டீஃபன் ஜான்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற இயந்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த அனுபவம் 1978-ல் கட்டுரையாக வந்தது. பிறகு 1981-ல், ஒரு புதிய இயந்திரத்துக்கு ஃபங்ஷன் அழைப்பு முறையை எப்படி வகுப்பது என்பதற்காக மட்டுமே இருவரும் தனியாக ஓர் அறிக்கை எழுதினார்கள். விஷயத்தின் கனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விதி எழுத்தில் இருக்கிறதே, பார்த்து எழுதிவிட வேண்டியதுதானே?

எழுதலாம். ஆனால் விதி ஒரே வரியில் இல்லை. 64 பிட் ரிஸ்க்-ஃபைவையே பார்ப்போம். முழு எண்களும் முகவரிகளும் ஏ0 முதல் ஏ7 வரை எட்டு ரெஜிஸ்டர்களில் வரிசையாகப் போகும். ஒன்பதாவது ஆர்குமெண்ட் ஸ்டாக்குக்குப் போகும். தசம எண்களைக் கையாளும் வன்பொருள் இருந்தால், அவற்றுக்கென எஃப்ஏ0 முதல் எஃப்ஏ7 வரை தனியாக எட்டு உண்டு. இதுவரை எளிது.

32 பிட் எண்ணை 64 பிட் ரெஜிஸ்டரில் வைக்கும்போது மேல்பாதியில் என்ன இருக்க வேண்டும்? குறியில்லாத எண் என்றால் பூஜ்யம்தானே என்று தோன்றும். ரிஸ்க்-ஃபைவில் அப்படி இல்லை. 32 பிட் எண் குறியில்லாததாக இருந்தாலும், அதன் உச்ச பிட்டையே மேலே நீட்டி நிரப்ப வேண்டும். 4294967295 என்ற எண் போனால் ரெஜிஸ்டரின் 64 பிட்களும் 1 ஆக இருக்கும். இதைக் கவனிக்காமல் பூஜ்யம் நிரப்பும் போர்ட், சிறிய எண்கள் உள்ளவரை சரியாக ஓடும். எண் 2147483647-ஐத் தாண்டிய அன்று ஒப்பீடுகள் தவறும்.

அடுத்தது ஸ்ட்ரக்சர். 16 பைட் வரை இருந்தால் ரெஜிஸ்டர்களில் போகும். அதற்கு மேல் போனால், அழைப்பவர் ஒரு பிரதி எடுத்து வைத்து அதன் முகவரியை மட்டும் அனுப்ப வேண்டும். 16 பைட்டுக்குள்ளும் கிளைகள் உண்டு. இரண்டு தசம எண்கள் மட்டும் உள்ள ஸ்ட்ரக்சர் எஃப்ஏ0, எஃப்ஏ1-ல் போகும். ஒரு முழு எண்ணும் ஒரு தசம எண்ணும் இருந்தால் ஏ0-வில் ஒன்று, எஃப்ஏ0-வில் ஒன்று. நான்கு பைட் தசம எண்கள் மூன்று இருந்தால், மொத்தம் 12 பைட்தான் என்றாலும், தசம ரெஜிஸ்டர்கள் கிடையாது, ஏ0, ஏ1-ல்தான் அடைத்து அனுப்ப வேண்டும். போர்ட் எழுதுகிறவர் இந்தக் கிளைகள் ஒவ்வொன்றையும் தன் கையால் நிரலாக்க வேண்டும்.

பிரிண்ட்எஃப் மட்டும் ஏன் புது சிப்பில் அடிக்கடி உளறுகிறது?

எத்தனை ஆர்குமெண்ட் வரும், என்ன வகை என்பது அதற்கு முன்கூட்டித் தெரியாது என்பதுதான் காரணம். ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: 7 என்ற முழு எண்ணையும் 3.5 என்ற தசம எண்ணையும் அச்சிடச் சொல்லி பிரிண்ட்எஃப்பை அழைக்கிறோம்.

லினக்ஸ் ஓடும் இன்டெல், ஏஎம்டி 64 பிட் சிப்பில் 7 ஒரு பொது ரெஜிஸ்டரிலும் 3.5 ஒரு தசம ரெஜிஸ்டரிலும் போகும். எத்தனை தசம ரெஜிஸ்டர் பயன்பட்டது என்ற எண்ணிக்கை ‘ஏஎல்’ என்ற சிறு ரெஜிஸ்டரில் தனியாகச் சொல்லப்படும். அதே சிப்பில் விண்டோஸ் என்றால் 3.5-ஐ இரண்டு இடத்திலும், அதாவது தசம ரெஜிஸ்டரிலும் பொது ரெஜிஸ்டரிலும், வைக்க வேண்டும். லினக்ஸ் ஓடும் 64 பிட் ஏஆர்எம் சிப்பில் இரண்டும் ரெஜிஸ்டர்களிலேயே போகும். ஆப்பிளின் ஏஆர்எம் சிப்பில் இரண்டுமே ஸ்டாக்குக்குப் போய்விடும். ரிஸ்க்-ஃபைவில் பிரிண்ட்எஃப்புக்குத் தரும் வாசகத்தின் முகவரி ஏ0-வில், 7 ஏ1-ல், 3.5 ஏ2-வில் போகும். ஆம், தசம எண்ணே பொது ரெஜிஸ்டரில் போகிறது. ஏ2-வைத் திறந்து பார்த்தால் 3.5-இன் பிட் வடிவம் அப்படியே இருக்கும்: பதினாறடிமானத்தில் 400சி என்று தொடங்கி, பிறகு பன்னிரண்டு பூஜ்யங்கள்.

ரிஸ்க்-ஃபைவ்காரர்கள் அப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. அழைக்கப்பட்ட பிரிண்ட்எஃப், மீதி பொது ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் வரிசையாக இறக்கி வைக்கிறது. ஒன்பதாவதில் தொடங்கி ஸ்டாக்கில் வந்தவை அதற்கு அடுத்தே இருக்கும். ஒரே சரமாக எல்லாம் கிடைத்துவிடுவதால், ஒரு பாயிண்டரை நகர்த்திக்கொண்டே போனால் போதும். இன்டெல் லினக்ஸ் முறையில் இதற்கு 176 பைட் சேமிப்பிடமும் 24 பைட் கணக்கேடும் தேவைப்படுகின்றன. ரிஸ்க்-ஃபைவின் ஏற்பாடு எனக்கு மிக நேர்த்தியாகப் படுகிறது.

32 பிட் ரிஸ்க்-ஃபைவில் இன்னொரு நுணுக்கம். வெறும் 3.5-ஐ மட்டும் அச்சிடச் சொன்னால், ஏ0-வில் வாசகம், ஏ1 காலி, ஏ2-ஏ3 ஜோடியில் 3.5. எட்டு பைட் மதிப்பு, இப்படி எண்ணிக்கை தெரியாத ஆர்குமெண்டாக வரும்போது, இரட்டைப்படை ரெஜிஸ்டரில்தான் தொடங்க வேண்டும். பெயரோடு அறிவிக்கப்பட்ட ஆர்குமெண்டுக்கு இந்த விதி இல்லை. இரண்டுக்கும் ஒரே விதி என்று நினைத்து எழுதினால், அச்சில் வருவது 3.5 ஆக இருக்காது.

என் போர்ட்டில் எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. இன்னும் பிழை இருக்குமா?

நிச்சயமாக இருக்கலாம். இந்தக் கட்டுரையில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்.

சோதனை நிரலில் அழைக்கும் ஃபங்ஷன், அழைக்கப்படும் ஃபங்ஷன் இரண்டையும் பெயர்த்தது உங்கள் கம்பைலர்தான். மூன்று தசம எண் ஸ்ட்ரக்சரைத் தவறாக எஃப்ஏ0-வில் வைத்தது உங்கள் கம்பைலர். அதே தவறோடு எஃப்ஏ0-விலிருந்து எடுத்ததும் உங்கள் கம்பைலர். இரு தரப்பும் ஒரே தவறைச் செய்வதால் விடை சரியாக வரும். ஆயிரம் சோதனை ஓட்டினாலும் ஆயிரமும் தேறும். வேறொரு கம்பைலரில் பெயர்த்த நூலகத்தோடு இணைத்த அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் உங்கள் கம்பைலரை நம்பி மற்றவர்கள் நிரல் எழுதியிருப்பார்கள்.

தீர்வு, கலந்து சோதிப்பது. அழைக்கும் கோப்பை ஒரு கம்பைலரிலும் அழைக்கப்படும் கோப்பை இன்னொன்றிலும் பெயர்த்து இணைத்து ஓட்ட வேண்டும். பிறகு மாற்றியும் ஓட்ட வேண்டும். ஜிசிசியின் சோதனைத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. விதவிதமான ஸ்ட்ரக்சர்களைத் தானே உருவாக்கி இரண்டு கம்பைலர்களுக்கு இடையே அனுப்பிப் பார்க்கும். ஒப்பிட வேறு கம்பைலரே இல்லாத புத்தம்புது சிப் என்றால், விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழைக்கும் பகுதியைக் கையால் அசெம்பிளியில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். வேறு வழி இல்லை.

பழைய கணினியில் பல வருடம் சரியாக ஓடிய நிரல், புது சிப்பில் தவறான விடை தருகிறது. கம்பைலர் மேல்தானே குற்றம்?

பல நேரங்களில் குற்றம் நிரலில் இருக்கும். ஆர்குமெண்ட்களை எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று சி மொழி சொல்லவே இல்லை. ஒரே அழைப்பில் இரண்டு ஆர்குமெண்ட்களும் விசைப்பலகையிலிருந்து ஒவ்வோர் எழுத்தைப் படித்தால், எது முதலில் படிக்கும் என்பது கம்பைலரின் விருப்பம். ஸ்டாக்கில் வலமிருந்து இடமாக அடுக்கிய பழைய இன்டெல் வழக்கத்துக்குப் பழகிய நிரல், வேறு இடத்தில் தலைகீழாக நடக்கும்.

அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது இன்னொன்று. நினைவகம் கேட்கும் மேலாக் ஃபங்ஷனுக்கு ஹெடர் சேர்க்காவிட்டால், அது முழு எண்தான் திருப்பித் தரும் என்று பழைய கம்பைலர்கள் அனுமானித்தன. 32 பிட் கணினியில் முகவரியும் முழு எண்ணும் ஒரே அளவு என்பதால் தப்பித்தது. 64 பிட்டில் முகவரியின் மேல்பாதி வெட்டுப்படும். 1999-ன் சி தரமே இந்த வசதியை நீக்கிவிட்டது. ஆனாலும் ஜிசிசி இதைப் பிழை என்று சொல்லி நிறுத்தத் தொடங்கியது 2024-ல் வந்த 14-ம் பதிப்பில்தான்.

பைத்தானிலிருந்து சி-டைப்ஸ் வழியாக சி ஃபங்ஷன்களை அழைப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. எண்ணிக்கை மாறும் ஆர்குமெண்ட் உள்ள ஃபங்ஷன்களுக்கு, அவற்றின் நிலையான ஆர்குமெண்ட் வகைகளை ஆப்பிள் ஏஆர்எம் கணினியில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். இன்டெல் மேக்கில் இது இல்லாமலே ஓடிவிட்டது.

ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டில் எதில் இந்த வேலை எளிது?

ஜிசிசி ஒவ்வோர் ஆர்குமெண்டாக எடுத்து, ‘இது எங்கே?’ என்று உங்கள் பகுதியைக் கேட்கும். இதுவரை எத்தனை ரெஜிஸ்டர் போயிற்று என்ற கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். எல்எல்விஎம்மில் எளிய விதிகளை அட்டவணையாகவே எழுதிவிடலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சி ஸ்ட்ரக்சரின் முழு விவரம் எல்எல்விஎம்முக்கு வந்து சேர்வதில்லை. அதனால் பாதி விதியை முன்பகுதியான கிளாங்கிலும் எழுத வேண்டும். ஒரே ஒப்பந்தம் இரண்டு இடத்தில் பிரிந்து கிடப்பது நல்ல வடிவமைப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரஸ்ட் போன்ற மொழிகள் அந்தப் பாதியைத் திரும்பவும் எழுத வேண்டியிருக்கிறது.

தவறாகத் தொடங்கிவிட்டால் பிறகு திருத்திக்கொள்ள முடியாதா?

முடியும், ஆனால் விலை அதிகம். ரஸ்ட் மொழியின் வெப்அசெம்பிளிக்கான ஒரு போர்ட்டில் ஸ்ட்ரக்சர்களை அனுப்பும் முறை, சி கம்பைலர்களின் முறையோடு ஒத்துப்போகவில்லை. அதை நம்பிக் கருவிகள் வளர்ந்துவிட்டதால் பல ஆண்டுகள் தொட முடியவில்லை. 2025-ல்தான் சரிசெய்தார்கள். ஏஆர்எம்மில் தசம எண்களைப் பொது ரெஜிஸ்டரில் அனுப்பும் பழைய முறையிலிருந்து தசம ரெஜிஸ்டரில் அனுப்பும் முறைக்கு மாறியபோது, டெபியன் லினக்ஸ் ஒரு தனிப் பதிப்பையே உருவாக்கி, எல்லா மென்பொருளையும் மறுபடி பெயர்த்தது. 2013-ல் அது வெளியானது.

சக்தி சிப்புக்கும் இதையெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. ரிஸ்க்-ஃபைவைத் தேர்ந்தெடுத்ததன் பெரிய லாபமே அதுதான். 2017-ல் ஜிசிசியின் 7-ம் பதிப்பிலேயே ரிஸ்க்-ஃபைவ் சேர்ந்துவிட்டது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தசமக் கணக்குக்கான வன்பொருள் இல்லாத சிப்புக்கு வேறு ஏபிஐ. இரண்டையும் கலந்தால் லிங்கர் இணைக்க மறுக்கும். அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். உங்களைக் காப்பாற்றுவதே அதுதான்.

மாணவர்கள் இதை எங்கிருந்து தொடங்குவது?

ஒன்பது முழு எண்களை வாங்கும் ஒரு ஃபங்ஷனை ஒரு சி கோப்பிலும், அதை அழைக்கும் ஃபங்ஷனை இன்னொரு கோப்பிலும் எழுதுங்கள். ரிஸ்க்-ஃபைவுக்கான ஜிசிசி இலவசமாகவே கிடைக்கிறது. அசெம்பிளியாக மட்டும் பெயர்க்கச் சொல்லி, ஒன்பதாவது எண் எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு முழு எண்ணைத் தசம எண்ணாக மாற்றுங்கள். அதன்பின் ஒரு ஸ்ட்ரக்சரைச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் விடையை முதலில் காகிதத்தில் எழுதிவிட்டு, பிறகு கம்பைலர் தருவதோடு ஒப்பிடுங்கள். கல்லூரிகளில் கம்பைலர் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், இதை ஆய்வகப் பயிற்சியாகவே வைக்க வேண்டும்.