ஊதிப் போட்ட கேசட்

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நின்ற ஒரு பருவத்தில்தான் எங்கள் தெருவுக்கு டிவி கேம் வந்தது. விழுப்புரத்துக் கடையில் வாங்கியது. கேசட் ஓடவில்லையென்றால் கழற்றி, அடியில் ஊதிப் போடுவோம், ஓடிவிடும். காண்ட்ரா கேமை இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். மூன்றாவது ஆள், ஆடுகிறவர்களில் ஒருவன் எப்போது சாவான் என்று காத்திருப்பான். 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அந்தப் பெட்டி என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. மரியோவைத் தெரியும், அவனைப் படைத்த நிறுவனத்தைத் தெரியாது.

இன்று ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2010இல் வந்தது. எதிரே டீக்கடையில் நான்கு பையன்கள் உட்கார்ந்தால் நான்கு போன்களிலும் துப்பாக்கிச் சண்டை. விளையாட்டுக்கென்று தனிப்பெட்டி வாங்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. 2021 பிப்ரவரியில் சோனியின் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். கரும்பு வெட்டுகிற வீட்டில் அது வாங்கும் பொருளா?

பெட்டி செய்கிற நிறுவனங்களுக்கும் ஒவ்வொரு தலைமுறைப் பெட்டியும் புதுச் சோதனைதான். சேகா நிறுவனம் 2001இல் தன் டிரீம்காஸ்ட் பெட்டியை நிறுத்தியது. அதோடு பெட்டித் தொழிலையே விட்டது. அதன் கேம் நாயகன் சோனிக் இப்போது போட்டியாளர்களின் பெட்டிகளில் ஓடுகிறது. நிண்டெண்டோவின் வீ யூ பெட்டி உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிகூட விற்கவில்லை. அடுத்து 2017இல் வந்த ஸ்விட்ச் பதினைந்து கோடியைத் தாண்டியது. விழுந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியதில் சிப்பின் வேகத்தைவிட மரியோ, செல்டா கேம்களுக்குப் பங்கு அதிகம். ஸ்விட்சுக்குச் செய்த அந்த கேம்களை அது போட்டிக் கன்சோல்களுக்குக் கொடுக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட்டைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. சிப் நிறுவனமான ஏஎம்டியோடு சேர்ந்து தன் அடுத்த எக்ஸ்பாக்ஸ் பெட்டியைச் செய்வதாக 2025இல் அறிவித்தது. அதே ஆண்டு அதன் கியர்ஸ் ஆஃப் வார் கேம் பிளேஸ்டேஷனுக்குப் போனது. அதன் ஹேலோ கேமும் போகும் என்று சொல்லிவிட்டார்கள். தன் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டிலும் விளையாட விட்டபின் இந்த வீட்டுக்கு யார் வருவார்கள்? கேம் கம்பெனியாக அது நன்றாகவே பிழைக்கும். பெட்டி செய்பவராக இன்னொரு தலைமுறை தாண்டுமா என்பது சந்தேகம்தான்.

நம் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது சோனிதான். 2000இல் பிறந்த பிளேஸ்டேஷன் 2-க்கு, 2009இல் அனுமனை நாயகனாக வைத்து இந்தியர்களைக் கொண்டே ஒரு கேம் செய்து விற்றது. பழைய பெட்டி என்று ஒதுக்காமல், வாங்கக்கூடிய பெட்டி என்று பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் இப்போதும் தேவை.

நிண்டெண்டோவோ ஸ்விட்சை இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு விடவே இல்லை. நகல் பெட்டியில் மரியோவோடு வளர்ந்த எங்கள் தெருப் பையன்கள் இன்று சம்பாதிக்கிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அசல் பெட்டியை, கைக்கெட்டும் விலையில், விழுப்புரத்துக் கடைக்கு அனுப்புங்கள்.