3,500 மணி நேரம் பறந்த விமானி வானில் நினைவிழந்தது ஏன்?

தோட்டத்தில் நெடுநேரம் குனிந்து புல் பிடுங்கிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றால் சரியாகிவிடும். தலைக்கு ஏற வேண்டிய இரத்தம் ஓரிரு நொடிகள் குறைந்துபோவதே இதற்குக் காரணம். இதே மயக்கம் பல மடங்கு கடுமையாக, தரையை நோக்கிப் பாயும் போர் விமானத்துக்குள் வந்தால் என்னவாகும்? அமெரிக்காவில் 2018இல் நடந்த ஒரு விபத்து அதைக் காட்டியது.

அமெரிக்க ஆகாயப்படையின் சாகசக் குழுவான ‘தண்டர்பேர்ட்ஸ்’ 1953 முதல் இயங்கி வருகிறது. நெவாடா மாநிலத்தின் நெல்லிஸ் ஆகாயப்படைத் தளம்தான் அதன் இருப்பிடம். 2018 ஏப்ரல் 4ஆம் தேதி காலை, அக்குழுவின் எஃப்-16 விமானங்கள் வழக்கமான பயிற்சிக்காகக் கிளம்பின. நான்காம் எண் விமானத்தை ஓட்டியவர் 34 வயது மேஜர் ஸ்டீபன் டெல் பாக்னோ. 30க்கும் அதிகமான விமான வகைகளில் 3,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர் அவர். சாகசக் குழுவில் அவருக்கு அதுதான் முதல் ஆண்டு. பயிற்சியின் நடுவே அவரது விமானம் தரையில் மோதியது. அவர் உயிரிழந்தார். இருக்கையோடு வெளியே பாய்ந்து தப்பும் வசதி இருந்தும், அதை இயக்க அவர் முயலவே இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கை காரணத்தை விளக்கியது. விமானி நினைவிழந்திருந்தார்.

கேமரன் மலைக்குப் பேருந்தில் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் உடல் ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதை உணர்ந்திருப்போம். விமானம் வேகமாக வளையும்போதும் அதுதான் நடக்கிறது, ஆனால் விசை மிக அதிகம். இதை ‘ஜி’ என்ற அளவால் குறிப்பர். தரையில் நாம் உணரும் எடை 1 ஜி. 8.5 ஜி என்றால், 60 கிலோ எடையுள்ளவர் 510 கிலோ கனத்தை உணர்வார். இரத்தமும் கனத்து, கால்களை நோக்கி இறங்கும். முதலில் பார்வை மங்கி, பிறகு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் சுருங்கி, அதன் பின் நினைவு தவறும். மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயு சுமார் 5 நொடிகளுக்கே தாங்கும்.

இதைச் சமாளிக்க, காலையும் வயிற்றையும் காற்றால் இறுக்கும் சிறப்பு உடையை விமானிகள் அணிகின்றனர். கால், தொடை, வயிற்றுத் தசைகளை முறுக்கி, மூச்சை அடக்கிச் சிறு சிறு வீச்சாக விடும் பயிற்சியும் பெறுகின்றனர். டெல் பாக்னோ இவை எல்லாம் அறிந்தவர்தான்.

பிறகு ஏன் தவறியது? அதற்கு முந்தைய 22 நொடிகளில்தான் விடை இருக்கிறது. அந்நேரம் முழுவதும் அவர் தலைகீழாகப் பறந்துகொண்டிருந்தார். அப்போது இரத்தம் தலைக்குப் பாய்கிறது. ‘இரத்த அழுத்தம் கூடிவிட்டது’ என்று எண்ணும் உடல், இதயத் துடிப்பைக் குறைத்து இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. அந்த நிலையிலிருந்து அவர் விமானத்தைக் கீழ்நோக்கி அரை வட்டமாக வளைத்தபோது, விசை சில நொடிகளிலேயே 8.5 ஜியைத் தாண்டியது. இரத்தத்தை மேலே தள்ள வேண்டிய தருணத்தில் உடல் அதற்கு நேர்மாறான வேலையில் இருந்தது. இதனால் அவரது தாங்கும் திறன் குறைந்ததும், தசைகளை முறுக்கும் உத்தி போதிய பலன் தராததும் விபத்துக்குக் காரணமாயின என்று அறிக்கை கூறியது.

இவ்வாறு நினைவிழப்பவர் விசை குறைந்ததும் உடனே தெளிவதில்லை. கண் விழிக்கச் சில நொடிகளும், எங்கே இருக்கிறோம் என்று புரிய மேலும் சில நொடிகளும் ஆகும். உயரத்தில் பறப்பவருக்கு அந்த அவகாசம் கிடைக்கலாம். தரையை நோக்கி இறங்கும் சாகச விமானிக்குக் கிடைப்பதில்லை.

2015இல் லங்காவி லீமா கண்காட்சிக்கான ஒத்திகையின்போது, இந்தோனேசியாவின் ஜூப்பிட்டர் குழுவின் இரு விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அதில் இருந்த நால்வரும் வெளியே பாய்ந்து உயிர் தப்பினர். நினைவோடு இருந்ததால் அவர்களால் அது முடிந்தது. டெல் பாக்னோவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

இப்படிப்பட்ட விபத்து நடந்தால், ‘விமானிக்கு அனுபவம் போதவில்லை’ என்றோ ‘துணிச்சல் காட்டப் போய் மாட்டிக்கொண்டார்’ என்றோ பேசுவது எளிது. இந்த அறிக்கையைப் படித்தால் அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த முறை லங்காவி வானில் ஒரு விமானம் தலைகீழாகப் பறந்து சட்டென்று கீழே வளையும்போது, உள்ளே ஒருவர் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கித் தம் நினைவைக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.