பந்து சோறு போடுமா? காக்கியில் பதில் சொன்ன கால்பந்து வீராங்கனை இந்துமதி!

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஃபுட்பால்? அது சோறு போடுமா?"

சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பள்ளி மைதானத்தில் பந்தை உதைக்கும் பெண் பிள்ளைகள் பிளஸ் டூவை நெருங்கும்போது, இந்தக் கேள்வியும் வீட்டுக்குள் வந்துவிடும். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. தீப்பெட்டி ஆபீஸையும் பட்டாசு ஆலையையும் நம்பி வாழும் வீடுகளில், சனிக்கிழமை கைக்கு வரும் கூலிதான் கணக்கு.

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒருவரைக் காட்டலாம். இந்துமதி கதிரேசன். 1994-ல் பிறந்த கடலூர் மாவட்டத்துப் பெண். இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை. தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்!

இரண்டு மாதம், இரண்டு கோப்பை

2019 மார்ச். நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசிய மகளிர் கால்பந்துப் போட்டி. அரையிறுதியில் வங்கதேசத்தை 4-0 என இந்தியா வீழ்த்தியது. அதில் இரண்டு கோல் இந்துமதியுடையது. இறுதிப் போட்டியில் நேபாளத்தை 3-1 என வென்று, இந்தியா தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

அடுத்த கோப்பையில் விருதுநகர் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. சாத்தூரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் போனால், காரியாபட்டி பக்கம் புல்லூரில் சேது பொறியியல் கல்லூரி வரும். அந்தக் கல்விக் குழுமத்தின் பின்புலத்தில் வளர்ந்த மதுரை அணிதான் சேது எஃப்.சி. 2019 மே 22-ல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று, இந்திய மகளிர் லீக் பட்டத்தை அந்த அணி தட்டி வந்தது. அந்த அணியிலும் இந்துமதி!

18 நாள் லீக்... மிச்ச நாள்கள்?

அந்த ஆண்டு தேசிய லீக்கின் பிரதானச் சுற்று மே 5-ல் தொடங்கி 22-ல் முடிந்தது. மொத்தமே 18 நாள். வேல்ஸ் நாட்டின் ஜெஸ் ஃபிஷ்லாக் 2013-லிருந்து அமெரிக்காவின் சியாட்டில் கிளப்பில் ஆடி, பந்தையே தொழிலாக வைத்து வாழ முடிந்தது. நம் பெண்களுக்கு 18 நாள் லீக்கை நம்பி ஆண்டு முழுவதும் அடுப்பு எரியுமா?

அங்கேதான் காக்கிச் சட்டை கைகொடுத்தது. ஆனால், அந்தச் சட்டை சும்மா இருக்க விடாது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது இந்திய ஜெர்ஸியை மடித்து வைத்துவிட்டு, சென்னைச் சாலைகளில் மாஸ்க் அணிந்து டியூட்டி பார்த்தார் இந்துமதி.

அதே கொரோனா 2022-ல் வேறு விதமாகக் குறுக்கே வந்தது. இந்தியாவில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை அணியில் இந்துமதியோடு சந்தியா, கார்த்திகா, மாரியம்மாள், சௌமியா எனத் தமிழ்நாட்டுப் பெண்கள் ஐந்து பேர்! ஈரானுடன் முதல் ஆட்டம் 0-0. அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் பலருக்குத் தொற்று. களமிறக்க ஆள் போதாமல், சொந்த மண்ணில் நடந்த தொடரிலிருந்தே இந்தியா வெளியேற வேண்டியதாயிற்று.

வேறொருவராக இருந்தால் ஓய்ந்திருக்கலாம். இந்துமதி ஓயவில்லை. 2023 மே மாதம் கோகுலம் கேரளா அணியுடன் மீண்டும் லீக் பட்டம். அடுத்த மாதமே அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என வீழ்த்தி, தமிழ்நாட்டுக்கு இரண்டாவது முறையாகத் தேசியச் சாம்பியன் பட்டம்!

பெற்றோர்களே, இதைக் கவனியுங்கள்

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இடஒதுக்கீடு உண்டு. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் 10 சதவிகிதம். பந்தை உதைக்கும் எல்லோருக்கும் இது கிடைத்துவிடாது. மாநில, தேசிய அளவில் ஆடியதற்கான சான்றிதழ் வேண்டும்; எழுத்துத் தேர்விலும் உடல்தகுதித் தேர்விலும் தேற வேண்டும். அதனால் பாடப் புத்தகத்தையும் விடக் கூடாது, சான்றிதழ்களையும் தொலைக்கக் கூடாது.

ஆக, பந்து நேராகச் சோறு போடாமல் போகலாம். ஆனால், சோறு போடும் வேலை வரைக்கும் கொண்டுபோய் விடும். அதுவரை மகளின் காலில் பூட்ஸ் இருக்கட்டுமே!