ஆரணி தறி வீடுகளில் தகிக்கும் அனல்: ஏசியைவிட மொட்டை மாடியை ஏன் கவனிக்கணும்?

வேலூரில் 40 டிகிரியைத் தாண்டியது என்று மே மாதம் டிவியில் செய்தி ஓடும். பக்கத்தில் இருக்கும் ஆரணியில் பல நெசவாளர்களுக்கு அது வெளியில் அடிக்கும் வெயில் மட்டுமில்லை. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு பெரும்பாலும் நெய்யப்படுவது வீட்டுக்குள்தான். மதியம் கான்கிரீட் தளம் அனலைக் கக்க ஆரம்பித்தால் தறியில் உட்கார முடியாது. கூலி சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. எழுந்து போன நேரம் அப்படியே நஷ்டம்.

ஏசி போட்டால் போச்சு என்கிறீர்களா? கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். 2023-க்கு முன்பு இது 200 ஆக இருந்தது. ஒரு டன் ஏசி மணிக்கு சுமார் ஒரு யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், தினம் 6 மணி நேரத்துக்கே 360 யூனிட் ஆகிவிடும். போதாக்குறைக்கு ஏசி காற்றில் ஈரப்பதத்தையும் உறிஞ்சிவிடும். ஈரம் குறைந்தால் பட்டு இழை விறைத்து அறும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

ஒற்றை மாடி வீட்டில் நாள் முழுக்க வெயில் வாங்குவது மேல்தளம்தான். கான்கிரீட் அந்தச் சூட்டைச் சேமித்து வைத்து மெதுவாகக் கீழே இறக்கும். ராத்திரி 10 மணிக்கும் ஃபேன் அனல் காற்றை வீசுவது அதனால்தான்.

என்ன செய்யலாம்?

செலவு குறைந்த வழி, மாடிக்கு வெள்ளை அடிப்பது. கூல் ரூஃப் பெயின்ட் அல்லது சாதாரண சுண்ணாம்பு. வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறையும். சுண்ணாம்பு மழையில் கரையும் என்பதால் வருஷா வருஷம் அடிக்கணும்.

நிரந்தரத் தீர்வு நம்ம ஊரிலேயே இருந்ததுதான். செங்கல் ஜல்லியோடு சுண்ணாம்பு கலந்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டு இடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். ஜல்லிக்குள் இருக்கும் காற்று இடைவெளிகள் சூட்டைத் தடுக்கும். ஆனா எடை அதிகம். பழைய தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது.

ஷீட் கூரைக்கு இது சரிப்படாது, வெள்ளை பெயின்ட்தான் வழி. சிலர் உள்பக்கம் தெர்மாகோல் அடிக்கிறார்கள். சூடு குறையும், உண்மைதான். ஆனால் அது சட்டெனத் தீப்பிடிக்கும் பொருள். பக்கத்திலேயே அடுப்பும், தறியில் பட்டு நூலும் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அரசு என்ன செய்கிறது?

தெலங்கானா 2023-லேயே கூல் ரூஃப் கொள்கையை அறிவித்துவிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சென்னை பெரும்பாக்கத்தில் கூல் ரூஃப் சோதனை முறையில் செய்யப்பட்டது. வீடே பணியிடமாக இருக்கும் நெசவாளர்களுக்கும் இது வரவேண்டியது அவசியம்.

வெள்ளை அடிக்க நினைப்பவர்கள் மாசியிலேயே முடித்துவிடுவது நல்லது. மாடியைக் கழுவிக் காயவிட்டு, விரிசல்களைப் பூசி அடைத்த பிறகு, இரண்டு கோட் அடிக்க வேண்டும்.