பிரசவ அறையில் பாராமுகம்

1999-ம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி ஸ்காட்லாந்தில் பெல்ஸ்ஹில் என்னும் ஊரிலுள்ள பிரசவ ஆஸ்பத்திரியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாய் உயரத்தில் சிறியவர், நீரிழிவு நோயுள்ளவர். நீரிழிவுள்ள தாய்மாரின் சிசுக்கள் பருத்திருப்பது சகஜம். தோளும் மார்பும் அகன்று, தலை வெளிவந்த பிறகு தோள் இடுப்பெலும்பில் சிக்கிக் கொள்வதுண்டு. இந்த அபாயம் அத்தகைய தாய்மாருக்கு நூற்றுக்கு 9 அல்லது 10 என்று வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். குழந்தை பெரிதாயிருக்கிறதே, தானாகப் பிறக்குமா என்று அந்தத் தாய் கவலை தெரிவித்ததுண்டு. வைத்தியரோ மேற்படி கணக்கை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பெரும்பாலோர் ஆபரேஷனே வேண்டுமென்பார்கள், அது தாய்மாருக்கு நன்மையன்று என்பது பின்னால் கோர்ட்டில் அவர் கூறிய காரணம். பிரசவ நாளில் தலை வந்தது, தோள் சிக்கியது. தலை வெளிவந்ததற்கும் உடல் வெளிவந்ததற்கும் இடையே 12 நிமிஷங்கள் சென்றன. அவ்வளவு நேரமும் தொப்புள் கொடி நசுங்கிப் பிராணவாயு கிட்டாமற் போனதால் குழந்தையின் மூளை பழுதுற்றது. இழுத்த இழுப்பில் ஒரு கைக்குச் செல்லும் நரம்புக் கொத்தும் சேதமடைந்தது.

தாய் வழக்குத் தொடுத்தார். ஸ்காட்லாந்துக் கோர்ட்டுகளில் 2010-லும் 2013-லும் தோற்றார். அபாயத்தைச் சொல்லாமல் விடுவது பொறுப்புள்ள வைத்தியர்கள் பலரும் அனுசரிக்கும் வழக்கமே, ஆகையால் குற்றமில்லை என்று அங்கே தீர்ந்தது. 2015-ம் வருஷம் மார்ச் மாதம் 11-ந் தேதி லண்டன் சுப்ரீம் கோர்ட்டில் ஏழு நீதிபதிகள் ஒருமித்து அதை மாற்றினார்கள். எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்பதை வைத்தியர்களின் வழக்கம் நிர்ணயிக்கலாகாது. அந்நிலையிலுள்ள ஒரு பெண் எதை முக்கியமென்று கருதக்கூடுமோ அதை அவளிடம் சொல்லியே தீர வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 52 லட்சத்து 50 ஆயிரம் பவுன் நஷ்ட ஈடு கிடைத்தது. மாண்ட்கமெரி வழக்கு என்று சட்ட உலகம் இதைக் குறிப்பிடுகிறது.

சீமையில் நடந்த வழக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தாய் இரண்டு கோர்ட்டுகளில் எந்த விதியால் தோற்றாரோ, அந்த விதியே இன்று நம் தேசத்துக் கோர்ட்டுகளில் செங்கோல் செலுத்துகிறது. 1957-ல் லண்டனில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி வழக்கில் பிறந்தது அது. பொறுப்புள்ள வைத்தியர்களில் ஒரு சாரார் சரியென்று ஒப்பும் முறையில் ஒரு வைத்தியர் நடந்திருந்தால் அவர் மீது அசிரத்தைக் குற்றம் சாராது என்பது அதன் சாராம்சம். இது வெள்ளையர் நம் தலையில் கட்டிப் போனதன்று. சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்குப் பின் அங்கே தோன்றியதை நாமாகவே வரவழைத்துக் கொண்டோம். 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட் அதையே அளவுகோலாக உறுதி செய்தது. 2008-ல், சம்மதமின்றி ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை அகற்றிய வழக்கில், அப்படி அகற்றியது தவறென்று தீர்ப்பளித்த அதே கோர்ட், நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டுமென்ற விஷயத்தில் வைத்தியர்களின் வழக்கமே நம் நாட்டு நிலைமைக்குப் பொருத்தம் என்று கருதிற்று. பிறந்த வீட்டிலேயே, சொல்ல வேண்டிய விஷயத்தைப் பொறுத்த மட்டில், 2015-ல் அந்த விதியைக் கைவிட்டு விட்டார்கள். புகுந்த வீட்டில் அது இன்னும் கொலுவீற்றிருக்கிறது!

நம் தாய்மாருக்குச் சொன்னால் புரியாது என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். உழவு மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியை எண்ணி, நாலு பேரை விசாரிக்கும் ஜனங்களுக்கு, குழந்தை பெரிதாயிருக்கிறது, தோள் சிக்கலாம், சிக்கினால் இன்னது நேரும் என்று சொன்னால் புரியாதா? சொல்லுவதற்கு ஐந்து நிமிஷம் வேண்டும். அந்த ஐந்து நிமிஷம் செலவிட மனமில்லை என்பதே உண்மை.

சொல்லாமை ஒரு பக்கம். பாராமை மறு பக்கம். பிரசவத்தில் சிசுவுக்கு நேரும் கேடுகளில், வைத்தியத்தின் சக்திக்கே அப்பாற்பட்டவை சில உண்டு. பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை பல உண்டு. நோவு எடுக்கும்போது கர்ப்பப்பை சுருங்குகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் சிசுவுக்குச் செல்லும் இரத்தம் சற்றே தடைப்படுகிறது, இடைவேளையில் மீளுகிறது. இடைவேளை குறுகிவிட்டால் சிசு மூச்சுத் திணறும். திணறுகிறதென்பதை அதன் இருதயத் துடிப்பே வெளியிடும். ஆகவேதான் நோவு முற்றிய நிலையில் 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு தரமும், குழந்தை வெளிவரும் தறுவாயில் 5 நிமிஷத்துக்கு ஒரு தரமும் துடிப்பைக் கேட்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் விதித்தது. பெரிய யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. ஒரு குழலும் ஒரு கடிகாரமும் போதும். பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள்தான் இல்லை. ஓர் இரவில் ஒரே நர்ஸ் ஐந்தாறு பெண்களைக் கவனிக்கும்படி விட்டுவிட்டு, விடிந்ததும் அந்த நர்ஸைச் சஸ்பெண்ட் செய்வதை நிர்வாகமென்று எவர் ஒப்புவார்?

வலி ஊசி என்று ஜனங்கள் அழைக்கும் ஆக்ஸிடோசினைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சொட்டுச் சொட்டாக, எண்ணி, கண்காணித்துச் செலுத்தினால் அது மருந்து. குழந்தை பிறக்குமுன் சதையில் ஒரே குத்தாகக் குத்தினால், ஏறிய மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. கர்ப்பப்பை ஓயாமல் இறுகும், இடைவேளையே இராது. சீக்கிரம் முடியட்டுமென்று வயிற்றின் மேல் ஏறி அமுக்கும் பழக்கமும் இத்தகையதே. தோள் சிக்கிய சமயத்தில் மேலிருந்து அமுக்கினால் தோள் எலும்பில் இன்னும் ஆழமாகப் பதியுமேயன்றி விடுபடாது. தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கி, அடிவயிற்றின் மேல், தோள் இருக்குமிடத்தில் பக்கவாட்டாக அழுத்துவது முறை. அதை விட்டுத் தலையைப் பிடித்து இழுப்பதால்தான் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் நைந்து, கை தொங்கி, உள்ளங்கை பின்னோக்கித் திரும்பி நிற்கிறது. 1874-ல் இதை விவரித்த ஜெர்மானிய வைத்தியர் எர்பின் பெயரால் வழங்கும் வாதம் அது. பல குழந்தைகள் சில மாதங்களில் தேறுகின்றன. தேறாத குழந்தை ஆயுள் முழுதும் ஒற்றைக் கையோடுதான்.

இது விதி என்பார் ஒரு சங்கதியைக் கேட்கட்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து சௌத்மெட் ஆஸ்பத்திரியில் வைத்தியர், மருத்துவச்சியர் அனைவருக்கும், தோள் சிக்கினால் செய்ய வேண்டியதை வருஷந்தோறும் பொம்மையை வைத்துக் கூட்டாகப் பழக்கினார்கள். பழக்கத்துக்கு முன், தோள் சிக்கிய பிரசவங்களில் நூற்றுக்கு 9.3 குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே காயம் நேர்ந்தது. பின்னர் அது 2.3 ஆகக் குறைந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, நிரந்தரமாகக் கை வழங்காமற் போன குழந்தை ஒன்றுகூட இல்லை. கட்டடம் புதிதன்று, மருந்து புதிதன்று. பழகிய கைகள்தான் புதியவை.

நியாயத்துக்காக மறு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மூளை வாதமுள்ள குழந்தைகள் எல்லாம் பிரசவ அறையில் கெடுக்கப்பட்டவையல்ல. 1861-ல் லண்டன் வைத்தியர் லிட்டில், கடினமான பிரசவமே இதற்குக் காரணம் என்றார். 1897-ல் வியன்னாவில் பிராய்டு (மனத்தத்துவ சாஸ்திரியாகப் பேர் பெற்ற அதே பிராய்டுதான்) கருவிலேயே கேடுற்ற சிசுவுக்குப் பிரசவம் கடினமாகலாம், காரியத்தைக் காரணமென்று மயங்கலாகாது என்று மறுத்தார். பிற்கால ஆராய்ச்சி பெரும்பாலும் பிராய்டு பக்கமே சாய்கிறது. பிரசவத்தில் மூச்சுத் திணறியதால் வந்த வாதம் மொத்தத்தில் ஒரு சிறு பங்கே. ஆகவே குறையுள்ள குழந்தை பிறந்தவுடன் வைத்தியரை அடிக்கக் கை ஓங்குவது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும். எது எதனால் நேர்ந்தது என்று பிரித்தறிய வழி வேண்டும். அந்த வழியைப் பின்னால் கூறுவோம்.

ஆனால் அந்தச் சிறு பங்கை அலட்சியம் செய்ய மேல்நாட்டாரைவிட நமக்கு உரிமை குறைவு. மூச்சுத் திணறிப் பிறந்த சிசுவை 6 மணி நேரத்துக்குள் குளிர்வித்து, 72 மணி நேரம் அந்த நிலையிலேயே வைத்துக் காப்பாற்றும் சிகிச்சை அங்கே பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்காள தேசம் ஆகிய மூன்று நாடுகளில் 408 சிசுக்களிடம் இதைச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். சென்னையும் அதில் சேர்ந்தது. குளிர்வித்த சிசுக்களில் நூற்றுக்கு 42 இறந்தன, குளிர்விக்காதவற்றில் 31. அங்கே காத்த சிகிச்சை இங்கே காக்கவில்லை. மூளை பழுதான பின் நம் குழந்தைக்கு நாம் செய்யக்கூடியது சொற்பம் என்பதே இதன் பொருள். முன்னால் பார்த்திருப்பது ஒன்றே நமக்குள்ள மருந்து.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சர்க்கார் ஊரூராகச் சென்று அழைத்தது. வந்தவர்களுக்குப் பணமும் கொடுத்தது. ஜனங்கள் நம்பி வந்தார்கள். 2005-06-ல் இந்தியாவில் நூற்றுக்கு 38.7 பிரசவங்களே ஆஸ்பத்திரிகளில் நடந்தன, 2019-21-ல் 88.6. தமிழ்நாட்டில் 99.6. தாய்மார் மரணம் குறைந்தது. அந்தப் புகழ் உரியவர்களுக்கு உரியதே. ஆனால் வீட்டு வாசலில் மருத்துவச்சியைக் குறை கூறிய காலம் போயிற்று. நம்பி வந்தவளின் குழந்தைக்கு உள்ளே நேர்வதற்கு இனி உள்ளே இருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சென்னையிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் எழும்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் 29-வது வாரத்தில் குறைப்பிரசவமாக ஒரு பெண் குழந்தை பிறந்தது; எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துப் பிராணவாயு கொடுத்து உயிரைக் காத்தார்கள். இவ்வளவு முன்னதாகப் பிறந்து பிராணவாயுவில் வளரும் சிசுக்களுக்கு விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் படர்ந்து பார்வை அழியும் அபாயம் உண்டு. முதல் சில வாரங்களுக்குள் கண் வைத்தியர் பார்த்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். யாரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லவுமில்லை. குழந்தை வீடு சென்றது. இரு கண்ணும் போயிற்று. தகப்பனார் போராடினார். கமிஷன் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. 2015-ம் வருஷம் ஜூலை மாதம் சுப்ரீம் கோர்ட் அதைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியபோது அந்தக் குழந்தைக்கு வயது பதினெட்டு. உயிரைக் காத்த அதே கைகள், ஒரு வார்த்தை சொல்லாமற் போனதால் கண்ணைக் கொடுக்கவில்லை.

பதினெட்டு வருஷம் கோர்ட்டுப் படி ஏறும் சக்தி எத்தனை தகப்பன்மாருக்கு உண்டு? ஏறப் படியாவது எல்லோருக்கும் இருக்கிறதா? 1995-ம் வருஷம் நவம்பர் மாதம் வைத்தியத்தையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த சுப்ரீம் கோர்ட், எவரிடமும் கட்டணம் வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பணம் கொடுத்தவள் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். காசில்லாமல் வந்த கூலிக்காரனின் மனைவி சிவில் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோதான் போக வேண்டும். ஏழைக்குத்தான் நெடுவழியா? சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் பிரதிநிதிகளை அனுப்பும் கட்சித் தொண்டர்கள் இதைக் கேட்டதாக நாம் அறியோம்.

எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் வேண்டியது ஒரு தாள். நோவு ஏறுவதையும், கர்ப்ப வாய் திறப்பதையும், சிசுவின் துடிப்பையும் மணிவாரியாகக் கோடு போட்டுக் காட்டும் படம் அது, பார்ட்டோகிராப் என்பார்கள். 1972-ல் ரொடீஷியாவில் பில்பாட், காஸில் என்ற இரு வைத்தியர்கள், தூரத்துச் சிற்றூர் மருத்துவச்சிகள் எந்த நிமிஷத்தில் தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமென்று தெரிந்துகொள்வதற்காகச் செப்பனிட்டுக் கொடுத்தது. அது உள்ளபடி எழுதப்பட்டிருந்தால் அசிரத்தையும் விதியும் வெவ்வேறாகப் பிரிந்துவிடும். நிரபராதியான வைத்தியருக்கும் அதுவே கவசம். பிரசவம் முடிந்த பிறகு ஒரே பேனாவால் ஒரே மூச்சில் நிரப்பினால் யாருக்கும் பயனில்லை.

2002-ம் வருஷத்து வைத்தியக் கவுன்சில் விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ரிகார்டுகளைக் கொடுத்தாக வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் பாதுகாத்தால் போதும். மூளை வாதமோ பல குழந்தைகளிடம் ஒன்றரை, இரண்டு வயதில்தான் நிச்சயமாகத் தெரிய வருகிறது. மிச்சமிருப்பது ஒரு வருஷம். குழந்தை தலை நிற்கவில்லையே, உட்காரவில்லையே என்று கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் அலைவதில் அந்த ஒரு வருஷமும் கழிந்துவிடுகிறது. ஆகையால் தாயும் சேயும் வீடு திரும்பும் நாளிலேயே, பிரசவம் நன்றாக நடந்திருந்தாலும் சரி, அந்தத் தாளின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துக் கொள்ளவேண்டும்.