பயிற்சி முடிந்தது, பலன் என்ன?

தங்கவயல் மக்களுக்குத் தூசி புதிதல்ல. பாறையைத் துளைத்தபோது பறந்த கல்தூசி எத்தனையோ தொழிலாளரின் நுரையீரலில் படிந்தது. அதனால் வரும் நோய்க்கு 'சிலிக்கோசிஸ்' என்று பெயர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் இந்நோய், தூசி பட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். இருமலும் மூச்சிரைப்பும் வருவதால் காசநோய் என்றே நினைத்துவிடுவதும் உண்டு. சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றும் என்பது இன்னொரு சங்கடம்!

யார் கவனிப்பது?

500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுரங்கத்தில் தொழிலாளர் நல அதிகாரி இருக்க வேண்டும் என்றது 1955-ம் ஆண்டுச் சுரங்க விதி. சுரங்கம் போனதும் அந்த ஏற்பாடும் போயிற்று. இப்போது வீடு தேடி வருகிறவர்கள் ஆஷா ஊழியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் சமூகத் தொண்டர்களும்தான். இத்தகையவர்களுக்கு அளிக்கும் மறுபயிற்சியால் பயன் உண்டா? அதை எப்படி அறிவது?

நான்கு படிகள்

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-ல் இதற்கு நான்கு படிகளை வகுத்தார். பயிற்சி பிடித்ததா? கற்றுக்கொண்டார்களா? கற்றதை வேலையில் செய்கிறார்களா? அதனால் பலன் கிடைத்ததா?

"வகுப்பு நன்றாக இருந்தது" என்று எழுதித் தருவது முதல் படி. தேர்வில் மார்க் வாங்குவது இரண்டாவது. அத்தோடு கணக்கை முடித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் போதுமா?

ஆறு மாதம் கழித்து ஊழியரின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இருமும் பெரியவரிடம், "சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தீர்கள்? எத்தனை வருஷம்?" என்று கேட்டு எழுதியிருக்கிறாரா? இது மூன்றாவது படி.

அப்படி எழுதியவர்களில் எத்தனை பேருக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள்? பயிற்சிக்கு முன் எத்தனை? பயிற்சி பெறாதவர் வேலை செய்யும் பக்கத்து வார்டில் எத்தனை? அங்கேயும் அதே அளவு கூடியிருந்தால், காரணம் பயிற்சி அல்ல. வேறு ஏதோ ஒன்று.

எண்ணிக்கை கூடவில்லை என்றால் உடனே ஊழியரைக் குறை சொல்வதும் சரியல்ல. எக்ஸ்ரே எடுக்க ஆள் இல்லை, பஸ்ஸுக்குக் காசு இல்லை என்றால் அவர் என்ன செய்வார்? அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

சிலிக்கோசிஸை அடியோடு குணமாக்க மருந்து இல்லை. கூட வரும் காசநோய்க்கு உண்டு. காலத்தில் கண்டுபிடித்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. அப்பாவோ தாத்தாவோ சுரங்கத்தில் பார்த்த வேலையையும், பார்த்த வருஷங்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வரும் ஊழியர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்!